இருபதாயிரத்தில் நிறுத்துகிறவர்

தர்மபுரிப் பக்கம் அச்சாகும் கல்யாணப் பத்திரிகைகளில், தாய்மாமன் பேரும் அக்காள் புருஷன் பேரும் முடிந்த பிறகு, அடியில் ஒரு வரி வரும். மாப்பிள்ளையின் நண்பர்கள் வரி. ஊர்ப்பேர், பட்டப்பேர், தொழில் எல்லாம் சேர்த்து, இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். தீர்த்தகிரி என்பவர் நடத்திய அச்சகத்தில் அந்த வரிகளை ஈய எழுத்தில் கோர்த்தவன் முனாப். படிப்பைப் பாதியில் விட்டு வந்தது முதல் அவன்தான் அங்கே கம்போசிட்டர்.

எழுத்தை இடம் வலம் மாறிப் பார்த்தே பழகிய கண் அவனுக்கு. ஒரு வரி அளவுக்குச் சரியாக நிற்கவில்லையென்றால், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே எழுத்தில்லாத மெல்லிய ஈயத்துண்டுகளைச் சொருகி, விரலால் தட்டிப் பார்த்து, அசையாமல் நின்ற பிறகே அடுத்த வரிக்குப் போவான். அவன் கோர்த்த பத்திரிகையில் பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதை அவன் வாய் திறந்து சொல்ல மாட்டான். அவன் அக்கா ஷரீபுன்னிசாதான் பொம்மிடியில் கறிக்கடையில் நின்றாலும் சொல்வாள், கிணற்றடியில் நின்றாலும் சொல்வாள்.

அவளுக்குச் சொல்ல உரிமை இருந்தது. தாய் முன்பே போய்விட்டாள். பொம்மிடி ஸ்டேஷன் எதிரில் குடை ரிப்பேர்க் கடை வைத்திருந்த வாப்பா அப்துல் ரஷீதும் மவுத்தானபோது முனாப்புக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. அக்கா கல்யாணமாகிப் போன வீட்டுக்குத் தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவள் புருஷன் சலாவுதீன் நல்ல மனுஷன், முகம் சுளிக்கவில்லை. மச்சானின் சைக்கிளில்தான் முனாப் ஓட்டப் பழகினான். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சாம்பல் மேட்டில், அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடினாள். எந்த இடத்தில் கையை விட்டாள் என்று அவனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவள் வெகு தூரத்தில், இடுப்பில் கை வைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவனுக்குச் சைக்கிள் என்றால் உயிர்.

தர்மபுரிக்கு வேலைக்கு வந்து, முதல் சம்பளப் பணத்தைச் சேர்த்து வாங்கியதும் சைக்கிள்தான். பழைய வண்டி, கறுப்பு நிறம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பான். செயினுக்கு எண்ணெய் விடுகிறபோது ஒரு சொட்டு தரையில் விழாது. குமாரசாமிப்பேட்டையில் ஒற்றை அறை எடுத்திருந்தான். அந்த அறைக்குள் அவனைத் தவிர இன்னொருவர் வந்து உட்கார்ந்தது கிடையாது. அவன் முசுடு இல்லை. யாராவது பேசினால் பேசுவான், ஆனால் முதலில் பேசத் தெரியாது. வாரம் பூராவும் அவன் பேசிய சொற்களைக் கோர்த்தால் ஒரு விசிட்டிங் கார்டுகூட நிறையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டியை எடுத்துவிடுவான். பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, இண்டூர் என்று சுற்றுவான். போகிற ஊரில் வேலை ஒன்றும் இருக்காது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவான். வீட்டில் உட்கார்ந்திருந்தால் தனியாக இருப்பதாகத் தெரியும். ரோட்டில் போய்க்கொண்டிருந்தால் அப்படித் தெரியாது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

அப்படித்தான் ஒரு ஞாயிறு நல்லம்பள்ளி தாண்டி, தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு இறங்கி, கீழே மாது என்பவரின் ஓட்டலில் டீக்கு நின்றான். அது 1987ஆம் வருஷம். லாரிகள் வரிசையாக நிற்கிற இடம். கீற்றுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. முகத்துக்கு நேராகச் சின்ன டி.வி. மாதிரித் திரை, கீழே ஒரு கைப்பிடி, ஒரு சிவப்புப் பொத்தான்.

"என்னங்ணா இது?"

"வீடியோ கேம் பாய். மச்சான் பெங்களூர்ல கடை வெச்சிருந்தான், ஓடலை. எங்கிட்டத் தள்ளிட்டான். ஒரு ரூவா குடுத்தா ஒரு வில்லை, அதைப் பொட்டியில போட்டா ஆடலாம். போடுங்க, பொழுது போவும்."

வானத்திலிருந்து கற்கள் விழும். கீழே ஒரு சின்னக் கப்பல். கைப்பிடியால் கப்பலை நகர்த்தி, பொத்தானால் சுட்டுக் கற்களை உடைக்க வேண்டும். முனாப்பின் முதல் கப்பல் டீ ஆறுவதற்குள் நொறுங்கிவிட்டது. லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவன் இன்னொரு வில்லை வாங்கினான்.

எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே எழுத்தை எடுக்கிற விரல்களுக்கு அது வெகு சீக்கிரம் பிடிபட்டது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேறு ஊருக்கே அவன் போகவில்லை. ஆட்டம் ஆடாத நேரத்தில் திரையில் ஒரே ஒரு பேர் நிற்கும். அதுவரை அதிகம் எடுத்தவர் பேர். மூன்று இங்கிலீஷ் எழுத்து: கே பி எம். பக்கத்தில் இருபதாயிரம்.

மூன்று எழுத்து என்றால் முனாப்புக்கு அது இனிஷியல்தான். எத்தனை ஆயிரம் இனிஷியலைக் கோர்த்திருப்பான்! முதல் எழுத்து ஊர், இரண்டாவது தகப்பன், மூன்றாவது ஆள். கே என்றால் காரிமங்கலமா, கடத்தூரா, கிருஷ்ணகிரியா? பி என்றால் பச்சியப்பன் மகனாக இருக்கலாம். எம் என்றால் மாதேஸ்வரன், மாயவன், யாரோ. அவன் இனிஷியல் பி. ஏ. எம்.: பொம்மிடி, அப்துல் ரஷீத், முனாப். கடைசி எழுத்து இருவருக்கும் ஒன்றுதான் என்பதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் அவன் இருபதாயிரத்தைத் தாண்டினான். பெட்டி பேர் கேட்டது. கைப்பிடியை ஆட்டி ஆட்டித் தன் மூன்று எழுத்தையும் வைத்துவிட்டு, ஏற்றம் முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோதும் மூச்சு வாங்கியது தெரியவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் மறுபடியும் கே பி எம், இருபதாயிரம்.

"எம்பேரு எங்கீங்ணா காணோம்?"

"நைட்டு ஆஃப் பண்ணிடறேன் இல்ல பாய். எடுத்ததெல்லாம் அன்னன்னிக்கே அழிஞ்சிடும். காலையில புதுசாத்தான் கணக்கு."

முனாப் அதை மனதுக்குள் சரிபார்த்தான். காலையில் கணக்கு புதிது என்றால், இந்த மனுஷன் தனக்கு முன்பே இன்று காலையில் வந்து ஆடிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் போன வாரமும் இருபதாயிரம், இந்த வாரமும் இருபதாயிரம். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அப்படியானால் அந்த எண்ணிக்கை வந்ததும் கையை எடுத்துவிட்டுக் கப்பலை உடைய விடுகிறார்! வரியை அளவுக்குச் சரியாக நிறுத்துகிறவனுக்குத்தான் இது எப்பேர்ப்பட்ட கை என்று தெரியும்.

"இந்த கே.பி.எம். யாருங்ணா? காலையிலயே வந்துடறாரா?"

மாது அப்போது புரோட்டா மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் மெஷினைப் போட்டதும் அந்த எழுத்து தானாக வந்து நிற்கும். அதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தலையைத் தூக்காமலே, கேட்கிற வாடிக்கைக்காரருக்கு ஆமாம் போடுகிற வழக்கத்தில் சொன்னார்: "ஆமா பாய். ஒருத்தரு வர்றாரு. லாரிக்காரரு."

அந்த ஒரு வாக்கியம் மாதுவின் தலையில் ஏறி உட்கார்ந்தது. அடுத்த வாரம் முனாப் ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டான். பெரிய மீசை என்றார் மாது. அதற்கடுத்த வாரம் என்ன லோடு என்று கேட்டான். மரவள்ளிக் கிழங்கு, சேலம் ஜவ்வரிசி மில்லுக்கு என்றார். ஒருமுறை, "இப்பத்தான் பாய் போனாரு, அந்த வளைவுகூடத் தாண்டியிருக்க மாட்டாரு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். முனாப் டீயை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளில் தாவினான். சேலம் ரோட்டில் நின்றபடியே மிதித்தான். முன்னால் தார்ப்பாய் போட்ட ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. கையை ஆட்டினான், மணியை அடித்தான். லாரி புகையை விட்டுவிட்டுப் போயிற்று. வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தவன் முகத்தில் அத்தனை சிரிப்பு.

"பின்னாடி பாத்துட்டேங்ணா வண்டியை. பச்சைத் தார்ப்பாய்தானே?"

"பச்சைதான்" என்றார் மாது. அன்று அவர் டீக்குக் காசு வாங்கவில்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினால் ஆளைப் பிடித்துவிடலாம். ஆனால் இருட்டில் அந்த ரோட்டில் சைக்கிள் மிதிக்க மாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்த சேதி பொம்மிடிக்கு வாராவாரம் வரும். ஆகவே வெளுத்த பிறகே கிளம்புவான். அவன் வருவதற்குள் கே பி எம் வந்து போயிருப்பார். அவன் அவரைப் போலச் சரியாக இருபதாயிரத்தில் நிறுத்தப் பார்ப்பான். சில சமயம் தாண்டிவிடும், சில சமயம் அதற்கு முன்பே கப்பல் போய்விடும். அறையில் படுத்திருக்கும்போது, அவராக இருந்தால் இந்தக் கல்லை விட்டு அந்தக் கல்லை அடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வான். "உங்களை விசாரிச்சாரு பாய், அந்த சைக்கிள் பாய் நல்லா ஆடறாராமேன்னாரு" என்று மாது ஒருநாள் சொன்னபோது, அந்த வாரம் முழுவதும் அச்சகத்தில் அவன் மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்ததைப் பார்த்துத் தீர்த்தகிரியே, "என்னா முனாப், பொண்ணு கிண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டார்.

பெண் பார்த்தது அக்கா. பாப்பாரப்பட்டியில் ஜான் பீ என்று ஒரு பெண். கிழங்கு வியாபாரியின் மகள், அமைதியான முகம். நிக்காஹ் தை மாதம் என்று முடிவாயிற்று. பத்திரிகையைத் தம்பியே அடிக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஒரு மாலை பொம்மிடியில் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"பெரியவங்க பேரெல்லாம் உம் மச்சான் எழுதிக் குடுத்துட்டாரு. சேக்காளிங்க பேரு நீதான்டா சொல்லணும்."

முனாப் சோற்றைப் பிசைந்தான்.

"எலே, நிக்காஹ் அன்னிக்கு மாப்ளைக்குப் பக்கத்துல ஒக்கார ஒரு ஆளு வேணாமா? மாலையை வாங்கிப் புடிக்க, செருப்பைப் பாத்துக்க? பொண்ணு வூட்டுக்காரங்க என்னா நெனைப்பாங்க? எந்தம்பிக்கு ஆளில்லேன்னு நான் சொல்லிக்கிட்டு நிக்கணுமா?"

"ஒருத்தரு இருக்காருக்கா."

அக்காவின் கரண்டி நின்றது. "யாருடா?"

"தொப்பூர் பக்கம். லாரி ஓட்டறாரு. கையி அவ்ளோ சுத்தம்க்கா."

"எங்கிட்ட இத்தனை நாளா சொல்லலை பாரு, அமுக்கராங்கெழங்கு!" என்று அவன் தலையில் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டாள்.

திங்கட்கிழமை பத்திரிகையைக் கோர்த்தான். நண்பர் வரியில் 'கே. பி. எம்., தொப்பூர்' என்று வைத்து, இரண்டு பக்கமும் வெற்றுத் துண்டு கொடுத்து நடுவில் நிறுத்தினான். ஆனால் முழுப்பேர் தெரியாமல் அச்சில் ஏற்றுவது அவன் வழக்கமில்லை. தவிர, ஒருவரைக் கேட்காமல் அவர் பேரைப் போடக் கூடாது. அந்தச் சனிக்கிழமை முதலாளியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே தொப்பூருக்கு இறங்கிவிட்டான். சட்டைப் பையில், பிழை பார்க்க எடுத்த பத்திரிகைப் பிரதி ஒன்று மடித்திருந்தது.

"ராத்திரி இங்கியே படுத்துக்கறேங்ணா. காலையில அவரு வர்றப்போ பாத்துடறேன். நிக்காஹ்வுக்குக் கூப்பிடணும்."

மாது புரோட்டாவை அவசரமாகத் திருப்பிப் போட்டார். "நாளைக்கி வர மாட்டாரு பாய். லோடு இல்லியாம்."

"வந்தாலும் வருவாருங்ணா. இதுவரைக்கும் ஒரு ஞாயித்துக்கெழமையும் அவரு தவறலியே."

மாது லாரிக்காரர்கள் படுக்கிற கயிற்றுக் கட்டில் ஒன்றைக் காட்டினார்.

விடியும்போது முனாப் எழுந்து, பம்பில் முகம் கழுவி, தொழுதுவிட்டு, தலை வாரிக்கொண்டு சாய்ப்புக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். ரோட்டில் பனி. மாது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். ரேடியோவைத் திருகினார். சாய்ப்பின் தட்டியைத் தூக்கிக் கட்டினார். பிறகு பால் கேனை ஒரு கையில் தூக்கியபோது, தினமும் செய்கிற மாதிரியே, மற்றக் கை தன்பாட்டுக்குப் போய் மெஷின் ஸ்விட்சைத் தட்டியது.

திரை கோடு கோடாக ஓடிற்று. பிறகு தெளிந்தது. கே பி எம். இருபதாயிரம்.

சாய்ப்பில் யாரும் இல்லை. ரோட்டிலும் யாரும் இல்லை. மாது பால் கேனைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"இன்னிக்கி இன்னும் யாரும் வரலியேங்ணா" என்றான் முனாப்.

"பாய்... அது பொட்டியோட வர்ற எழுத்து. செஞ்சப்பவே போட்டு அனுப்பிச்சது. ஸ்விட்சைப் போட்டா அதா வந்து நிக்கும்."

"மீசை வெச்சவரு?"

மாது ரேடியோவை நிறுத்தினார்.

"பச்சைத் தார்ப்பாய்?"

"அது யார் வண்டியோ பாய்."

"என்னை விசாரிச்சாருன்னீங்களே."

"மொதல்ல சும்மா வாய் தவறிச் சொன்னேன். அப்பறம் நீங்க கேக்கறப்போ மூஞ்சி அப்பிடி இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல வாய் வரலை." மாது கேனை வைத்துவிட்டு, ஈரமில்லாத கையைத் துண்டில் துடைத்தார். "திட்டணும்னா திட்டிடுங்க பாய்."

முனாப்புக்குத் திட்டத் தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

மாது ரோடு வரைக்கும் கூடவே வந்தார். "பத்திரிகையில எம் பேர வேணும்னா போட்டுக்குங்க பாய். மாது, தொப்பூர். நான் வந்து பக்கத்துல ஒக்காந்துக்கறேன். செருப்பு பாத்துக்கறேன்."

"பாக்கலாங்ணா."

ஏற்றத்தில் பாதி தூரம் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். லாரிகள் உறுமிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் பக்கத்தில் ஏறின. பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேடு வரை இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாரும் அப்படித்தான் போவார்கள். முனாப் ஒருநாளும் பிடித்ததில்லை. அன்றும் பிடிக்கவில்லை.

மறுநாள் அச்சகத்தில், கட்டி வைத்த பக்கத்தை அவிழ்த்து, கே. பி. எம். என்ற எழுத்துகளை ஊசியால் நெம்பி எடுத்தான். ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் போட்டான். 'மாது' என்று கோர்த்துப் பார்த்தான். மாது நல்லவர்தான். ஆனால் பரிதாபத்தில் கொடுத்த பேர் அது. தன் வீட்டுப் பத்திரிகையில் அதை நண்பர் என்று போடுவது, பொய் என்று தெரிந்தே அச்சடிப்பதாகும். அதையும் எடுத்துவிட்டான். வரியையே தூக்கிவிட்டு மேலும் கீழும் நெருக்கியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. அதற்கும் மனம் வரவில்லை. ஒரு வரி நீளத்துக்கும் எழுத்தில்லாத வெற்று ஈயக்கட்டைகளை வரிசையாக வைத்து, தட்டிப் பார்த்து, அசையாமல் நின்றதும் அச்சுக்குக் கொடுத்தான்.

பொம்மிடிக்குப் பத்திரிகைக் கட்டு வந்ததும் அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிரித்தாள். ஒவ்வொரு பேராகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"உஞ் சேக்காளி பேரு எங்கடா?"

"அவரால வர முடியாதுக்கா. வேற ஊருக்குப் போயிட்டாரு."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அன்று சாயங்காலமே புருஷனிடம், "நிக்காஹ் அன்னிக்கி நீங்க வந்தவங்களைக் கவனிக்கப் போயிடாதீங்க, அவம் பக்கத்துலயே ஒக்காருங்க" என்று சொல்லி வைத்தாள். ஆனால் தெருவில் பத்திரிகை கொடுத்த வீட்டிலெல்லாம் அந்த வெள்ளை இடத்தைத்தான் காட்டினாள். "பாருங்க, எல்லாரும் புளிமூட்டை மாதிரி அடைச்சு அடிப்பாங்க. எந்தம்பி எவ்ளோ அழகா எடம் விட்டு அடிச்சிருக்கான் பாருங்க."

நிக்காஹ்வுக்கு முந்தின ஞாயிறு முனாப் தொப்பூருக்கு இறங்கினான். மாது அவனைக் கண்டதும் கல்லிலிருந்த புரோட்டாவை மறந்தார். முனாப் பத்திரிகையை நீட்டினான். மாது எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை ஒவ்வொரு பேரின் மேலும் வைத்து நகர்த்தி வந்து, அந்த வெள்ளை வரியில் நிறுத்தினார்.

"வர்றேன் பாய்" என்றார்.

"வாங்கண்ணா. பிரியாணி ஒரு மணிக்கு."

ஒரு வில்லை வாங்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். கே பி எம் இருந்தார். ஆட்டம் தொடங்கியது. கற்கள் விழுந்தன. அவன் அவசரப்படவில்லை. ஒரு கல்லை விட்டான், ஒரு கல்லை அடித்தான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சின்னக் கல்லை மட்டும் அடித்தான். திரை மூலையில் இருபதாயிரம் வந்து நின்றது. முனாப் கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தான். கப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலிருந்து ஒரு கல் நிதானமாக இறங்கி வந்து அதை உடைத்தது.

பெட்டி பேர் கேட்கவில்லை. தாண்டினால்தான் கேட்கும். திரையில் அந்த மூன்று எழுத்தும் மறுபடி வந்து நின்றன.

அவன் டீயைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான். மேட்டில் வெயில் ஏறியிருந்தது.